எழுபத்தாறு வயதுக்கு வண்டி கிடையாது

அத்தியாயம் பதினொன்று

காலை எட்டரை மணிக்கே இன்ஸ்பெக்டர் தயாராகிவிட்டார். முழுக்கைச் சட்டை, பெல்ட், பளபளக்கும் ஷூ. சட்டைப் பையில் பேனா. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சர்வதேச ஓட்டுநர் உரிமம்.

விமானத்தில் ஜன்னலோர சீட்டு யாருக்கு என்ற சண்டையோடு நேற்று இந்த ஊரில் வந்திறங்கிய குடும்பத்தில் மொத்தம் நாலு பேர். இன்ஸ்பெக்டர், அவர் மனைவி, நாற்பத்திரண்டு வயது மகள், அவளைவிட ஐந்து வயது இளையவனான மகன். வீட்டில் மகளைப் பெரியவள் என்றும் மகனைச் சின்னவன் என்றும் சொல்வார்கள். அப்பாவை எல்லோருமே இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாஸ், ஃபெயில் போடுகிற உத்தியோகம். முப்பத்திரண்டு வருஷம் அதைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றார். அவர் பாஸ் போட்டவர்களைவிட ஃபெயில் போட்டவர்கள்தான் அதிகம் என்று அலுவலகத்தில் பேச்சு. சொந்த மகனையே மூன்று தடவை ஃபெயில் போட்டார். மூன்று தடவையும் வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, வண்டியிலிருந்து இறங்காமலே உரக்கச் சொன்னார். சின்னவனுக்கு லைசென்ஸ் கிடைத்தது நாலாவது தடவை, அப்பா லீவில் இருந்த ஒரு நாளில்.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். அவள் தங்கை இந்த நாட்டில் ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிறாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை. பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்க நினைப்பவர்கள் முன்னாடியே வந்து பார்த்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல, தங்கையின் கணவர் சிரித்துவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அந்த மனிதர் செத்ததற்குக்கூட இன்ஸ்பெக்டர் மனைவியை அனுப்பவில்லை.

இந்தத் தடவை ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"வாடகைக்கு கார் எடுப்போம். நான்தான் ஓட்டுவேன்."

ஏரிக்கரை ஊருக்கு ரயில் கிடையாது. காரில் ஐந்து மணி நேரம். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும்.

"பத்து மணிக்கு வண்டி கையில இருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர், விடுதி வாசலில் நின்றபடி. "கிளம்புங்க. மச மசன்னு நிக்காதீங்க."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

*

கார் வாடகைக் கம்பெனியின் கவுன்ட்டருக்குப் பின்னால் முடியை உச்சியில் முடிந்த ஓர் இளம்பெண் இருந்தாள். நம்பர் எழுதிய சீட்டோடு இவர்கள் இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. தள்ளுவண்டியில் ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கடித்துக் கடித்துக் கீழே போட்டது.

"ஓட்டப்போவது யார்?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். மூன்று பேருக்கு அது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

"நான்." இன்ஸ்பெக்டர் உறையை நீட்டினார்.

அவள் உரிமத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறந்த தேதியில் விரலை வைத்தாள். திரையைப் பார்த்தாள்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நாங்கள் வண்டி தருவதில்லை."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அது சாதாரண ஆட்களுக்கு இருக்கும். நான் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரியாக இருந்தவன். நாற்பதாயிரம் பேரைச் சோதித்திருக்கிறேன். உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்."

"மேலாளர் வந்தாலும் இதேதான் ஐயா. கம்ப்யூட்டர் ஏற்காது."

"கம்ப்யூட்டரா வண்டி ஓட்டப்போகிறது?"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அவர் மனம் சமாதானமாகட்டும் என்றுதான் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது உங்கள் குடும்பத்தாருக்கு முன்பே தெரியும் ஐயா. இதோ, போன மாதம் நாலாம் தேதி போன் செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, அவர் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லியிருக்கிறோம். மகன் பெயரைத்தான் ஓட்டுநராகப் பதிந்திருக்கிறோம். எந்தச் சிக்கலும் இல்லை. வண்டி தயார்."

இன்ஸ்பெக்டர் திரையை இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"யாரு போன் பண்ணது?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"நான்தாம்ப்பா," என்றாள் பெரியவள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களிடம், இனி உங்களால் மாடிப்படி ஏற முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது அவள் தொழில். தினம் நாலு பேரிடம் சொல்கிறாள். அப்பாவிடம் மட்டும் ஒரு மாதமாகச் சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார் என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள்.

"நாலாம் தேதியா?" என்றார் இன்ஸ்பெக்டர். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அதுக்கப்புறம்தானே நான் பழக ஆரம்பிச்சேன்?"



இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. அதற்காக இன்ஸ்பெக்டர் மூன்று வாரம் தினமும் சாயங்காலம் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றில் கியர் மாற்றிப் பழகியிருந்தார். இந்த நாட்டுச் சாலை விதிகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தோம்," என்றாள் அம்மா. "சோபாவ நல்லாத்தான் ஓட்டினீங்க."

சின்னவனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான்; முடியவில்லை. சிரித்துவிட்டான். ஒரு விநாடிதான். இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தார். அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனதைப் பெரியவள் பார்த்தாள்.

அவர் கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். "வண்டி வேண்டாம். பதிவை ரத்து செய்யுங்கள்."

"என்ன சொல்றார்?" என்று அம்மா கேட்டாள்.

"கேன்சல் பண்ணச் சொல்றார்மா."

"வேண்டாம்னு சொல்லு."

"அம்மா..."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. வண்டி வேணும். நீ கையெழுத்துப் போடு." அம்மாவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அவருக்கு இஷ்டமில்லேன்னா ரூம்ல இருக்கட்டும். டிவி ரிமோட் மேஜைமேலதான் இருக்கு."

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் அவர் முன்னால் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. சின்னவன் பேனாவை எடுத்தான். முதல் கையெழுத்து கோணலாகப் போனது. அந்தப் பெண் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

*

சாம்பல் நிறக் கார். பேக்கிங் வாசனைகூடப் போகாத புது வண்டி. இன்ஸ்பெக்டர் ரூமுக்குப் போகவில்லை. முன்கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"எடு," என்றார்.

சின்னவனுக்கு முப்பத்தேழு வயது. பல் செட் செய்கிற லேப் வைத்திருக்கிறான். தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். அந்த விரல்கள் இப்போது ஸ்டியரிங்கைக் கொக்கி மாதிரிப் பிடித்திருந்தன.

"கண்ணாடி பாக்கல. ஒண்ணு." இன்ஸ்பெக்டர் தாளில் ஒரு கோடு போட்டார்.

"பார்த்தேம்ப்பா."

"கண்ணு போச்சு. தலை திரும்பல. ரெண்டு."

ஊரைத் தாண்டுவதற்குள் பதினோரு கோடுகள் விழுந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அவர் நிதானமாகச் சொன்னார். திட்டவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சொன்ன அதே குரல். சிக்னலில் வண்டி ஒருமுறை அணைந்துபோனது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"அப்படியேதான் இருக்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்தொம்பது வயசுல எப்படி இருந்தியோ அப்படியே. நாலாவது தடவ எவனோ தூங்கி வழியறவன் உனக்குக் கையெழுத்துப் போட்டான் பாரு, அவனச் சொல்லணும்."

"அப்பா, அவன் ஓட்டட்டும். பேசாம வாங்க," என்றாள் பெரியவள் பின்சீட்டிலிருந்து.

"நீ பேசாத. நீ போன் பண்றதோட சரி."

விரைவுச்சாலை வந்தது. மூன்று தடத்திலும் லாரிகள் பறந்தன. பஞ்சு மேகம், இரண்டு பக்கமும் வெட்டிய வயல், பச்சைப் பலகையில் பெரிய எழுத்தில் தூரம். சின்னவன் வலது ஓரத் தடத்தில் தொண்ணூறில் போனான். எல்லா வண்டியும் அவனைத் தாண்டிப் போயின.

"தாண்டு."

"வேண்டாம்ப்பா. இப்படியே போறேன்."

"முன்னாடி போறவன் மாட்டுத் தீவனம் ஏத்திட்டுப் போறான். அவன் பின்னாடியே அஞ்சு மணி நேரமும் போவியா? தாண்டு."

சின்னவன் தாண்டப் போனான். பின்னால் வந்த கார் விளக்கை அடித்தது. மறுபடி உள்ளே வந்தான்.

"பதினெட்டு," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னார். "அந்தப் பொண்ணு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா. இவனோட பக்கத்து சீட்டுல உக்காந்தா எங்கயும் போய்ச் சேர முடியாதுன்னு. இறங்கிப் போயிட்டா. புத்திசாலி."

அந்தப் பெண் சின்னவனின் மனைவி. அவள் போனதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. எழுதாத ஒப்பந்தம்தான், ஆனால் இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் காப்பாற்றி வந்தார்கள்.  சின்னவனின் காது மடல் வெளுத்துப்போனது.

பெரியவள் தம்பியின் தோளில் கை வைத்தாள். சட்டை நனைந்திருந்தது.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பன்னெண்டே முக்கால் ஆகுது. ஆறு மணிக்குள்ள போயிடலாமில்ல?"

"போயிடலாம்மா," என்றான் சின்னவன்.

"எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "இவன் ஓட்டற லட்சணத்துல, நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவ போய்ச் சேர்ந்துடுவா."

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். தன் வார்த்தை விழுந்த அழகு அவருக்குப் பிடித்திருந்தது.



"வண்டிய நிறுத்து," என்றாள் அம்மா.

அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது போலும் என்று சின்னவன் நினைத்தான். சாலையோரம் அவசரத்துக்கு நிற்பதற்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று வந்தது. நிறுத்தினான். அம்மா இறங்கினாள். முன்கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"நான் முன்னாடி உக்காரணும். பின்னாடி தலை சுத்துது."

இன்ஸ்பெக்டர் முனகிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினார். தாளையும் பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அம்மா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலோரம் இருந்த பொத்தானை அமுக்கினாள். நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

இன்ஸ்பெக்டர் பின்கதவின் பிடியை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"எடு," என்றாள் அம்மா.

"அம்மா, அப்பா இன்னும் ஏறல."

"தெரியும். எடு."

கண்ணாடிக்கு வெளியே அவர் முகம் குனிந்தது. "கதவத் திற," என்று வாய் அசைந்தது. அவர் பார்த்தது அம்மாவை இல்லை. பின்சீட்டிலிருந்த பெரியவளை. அவள் பக்கத்துக் கதவில்தான் அவர் கை இருந்தது. பூட்டை விடுவிக்கிற சின்னப் பிடி அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. விரலை அதன்மேல் வைத்தாள்.

ஒன்பது வயதில் ஒரு நீண்ட பயணத்தில், "இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டதற்காக அவர் அவளை ஒரு பாலத்தின்மேல் இறக்கிவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போய், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நிறுத்தினார். அவள் ஓடினாள். ஒரு செருப்பு கழன்று பாலத்துக்குக் கீழே விழுந்தது. கிட்டத்தில் போனதும் வண்டி மறுபடி நகர்ந்தது. இரண்டு தடவை அப்படிச் செய்தார். ஏறி உட்கார்ந்ததும், "இப்ப தெரிஞ்சுதா எவ்ளோ தூரம்னு?" என்று கேட்டார். பின்சீட்டில் அம்மா, நாலு வயதுச் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் இருந்தாள்.

பெரியவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

கார் நகர்ந்தது.

*

"கொஞ்ச தூரத்துல நிறுத்துடா," என்றாள் பெரியவள். "பயந்தது போதும். நிறுத்து."

"எங்கக்கா நிறுத்தறது? பாரு."

இடமே இல்லை. ஓரத்தில் இரும்புத் தடுப்பு ஒட்டிக்கொண்டே வந்தது. பின்னால் ஒரு டேங்கர் லாரி. பின்னோக்கிப் போக முடியாது. திரும்ப முடியாது. பலகையில், அடுத்து வெளியேறும் வழி பதினாலு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது.

"அவர் போன் எங்க?"

போன் பின்சீட்டில், அவருடைய கைப்பைக்குள் கிடந்தது. காலையில் அவரேதான், இடைஞ்சலாக இருக்கிறதென்று பெரியவளிடம் கொடுத்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள்தான் இருந்தது.

"அம்மா, நூறு கிலோமீட்டர் வேகத்துல லாரி போற ரோடு. எழுபத்தாறு வயசு மனுஷன்."

"காலைல அதத்தானே அந்தப் பொண்ணு சொன்னா? வயசாயிடுச்சுன்னு." அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். கார்ப் பயணம் என்றாலே அவளுக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டில் சின்னவனை உட்கார வைத்து, வழியெல்லாம் விதிமுறைக் கேள்வி கேட்டுக்கொண்டு வருவது இன்ஸ்பெக்டரின் வழக்கம். "இங்கேருந்து பாத்தா ரோடு எவ்ளோ அகலமா இருக்கு," என்றாள்.

சின்னவன் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கவும் பயம். எடுக்காமல் அப்படியே ஓட்டினான்.

"திருப்பிடலாம்மா," என்றாள் பெரியவள்.

"திருப்பணும்னா திருப்புங்க. அவர் உங்கப்பா. நான் குறுக்க நிக்கல." கொஞ்சம் பொறுத்து, "என் தங்கச்சி ஆறு மணி வரைக்கும்தான் முழிச்சிருப்பா. அதையும் ஞாபகம் வச்சுக்குங்க," என்றாள்.

பதினாலாவது கிலோமீட்டரில் வெளியேறினார்கள். மேம்பாலம் ஏறி எதிர்ச்சாலைக்கு வந்தார்கள். எதிர்ச்சாலையில் போகும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தெரிகிறாரா என்று பெரியவள் எட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் நட்டிருந்த புதர் மறைத்தது. அந்த இடத்தையும் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் போய், அங்கே இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி பழைய சாலைக்கு வந்தார்கள். நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது.

தூரத்திலேயே மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது.

"விபத்தா?" என்றான் சின்னவன். 

விபத்து இல்லை. சாலை ரோந்து வண்டி. சட்டைமேல் மின்னும் மஞ்சள் உடுப்பு போட்ட இரண்டு பேர். நடுவில் இன்ஸ்பெக்டர் நின்றார். ஒருவன் அவருக்குக் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். வெயிலில் அவர் நெற்றி வெந்து சிவந்திருந்தது. ஷூவில் புழுதி. முதுகு மட்டும் கம்பி மாதிரி நின்றது.

சின்னவன் காரை ரோந்து வண்டிக்குப் பின்னால் நிறுத்தினான். பெரியவள் இறங்கி ஓடினாள்.

"அப்பா! அப்பா, வாங்க. ஏறுங்க. தப்புதான். வாங்க."

ரோந்துக்காரர்களில் மூத்தவன் அவளைக் கை காட்டி நிறுத்தினான். "நீங்கள் யார்?"

"இவருடைய மகள். வண்டியில் இருப்பது அம்மாவும் தம்பியும்."

"இவரை இங்கே விட்டுவிட்டுப் போனது நீங்களா?"

  அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவன் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான். "ஐயா, இவர்கள் உங்கள் குடும்பமா?"

இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையை நசுக்காமல் அந்த இளைஞனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக, கார் பக்கத்தில் நின்ற சின்னவனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இல்லை," என்றார். "இவர்களை எனக்குத் தெரியாது."

"அப்பா!"

"வாடகை வண்டிக்காரர்கள் போலிருக்கிறது. வேறு யாரையோ தேடுகிறார்கள்."

ரோந்துக்காரன் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மோவாய். அவனுக்குப் புரியாமல் இல்லை.

"வர விருப்பமில்லாதவரை உங்கள் வண்டியில் ஏற்ற எங்களுக்கு அதிகாரம் கிடையாது," என்றான் அவளிடம். "அடுத்து வெளியேறும் வழியில் எங்கள் நிலையம் இருக்கிறது. அங்கே கூட்டிப்போகிறோம். நீங்களும் பின்னால் வாருங்கள். ஒரு முதியவரை விரைவுச்சாலையில் இறக்கிவிட்டது சின்ன விஷயம் இல்லை. எழுதி வாங்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம்."

பெரியவள் காருக்கு ஓடிக் கைப்பையை எடுத்து வந்தாள். "இதில் அவருடைய மாத்திரை இருக்கிறது. மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பிட்ட பிறகு."

"எந்த மாத்திரை என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிகிறது," என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் ரோந்து வண்டியின் பின்சீட்டில் ஏறினார். கைப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். மகள் முகத்தைப் பார்க்காமலே கதவை இழுத்துச் சாத்தினார்.

*

அவள் வந்து காரில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "என்ன சொன்னார்?"

சின்னவன் அக்காவைக் கண்ணாடியில் பார்த்தான். சொல்லாதே என்று அந்தப் பார்வை கேட்டது. பெரியவள் ஒரு மாதம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்ததன் பலனை இன்று முழுக்கப் பார்த்துவிட்டாள்.

"நம்மள யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டார்மா."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

"என்னையும் பாத்துட்டா சொன்னார்?"

"ஆமாம்மா."

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்தாள். ஒரே தடவை. வேறு எதுவும் அவள் முகத்தில் நடக்கவில்லை.

ரோந்து வண்டி முன்னால் கிளம்பியது. சின்னவன் அதன் பின்னாலேயே போனான். பதினாலு கிலோமீட்டரும் இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வேகத்தில் ஓடின. பின்கண்ணாடி வழியாக இன்ஸ்பெக்டரின் தலை தெரிந்தது. வெள்ளை முடி, நேரான கழுத்து. ஒருதடவைகூட அசையவில்லை.  கடிகாரத்தில் மணி இரண்டு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. பெரியவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். நிலையத்தில் மூன்று மணி நேரம் என்றால் ஐந்து. அதற்கப்புறம் மூன்று மணி நேரப் பயணம். எட்டு மணிக்கு மருத்துவமனைக் கதவு பூட்டியிருக்கும். காலையில் ஏழு மணிக்குச் சித்தியைத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விடுவார்கள்.

வெளியேறும் வழி ஐந்நூறு மீட்டர் என்று பலகை சொன்னது. ரோந்து வண்டி வலது விளக்கைப் போட்டது.

"அம்மா?" என்றான் சின்னவன். "எந்தப் பக்கம்?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, சொல்லும்மா. இறங்கணுமா, நேரா போகணுமா?"

"தெரியாதவங்க பின்னாடி நாம எதுக்குப் போகணும்?" என்றாள் அம்மா. "நேரா விடு."

"அக்கா..."

பெரியவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், தம்பி கேட்டிருப்பான். அவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சொல்லப் போனாள். அதற்குள் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ரோந்து வண்டி சரிவில் வலது பக்கம் இறங்கியது. சாம்பல் நிறக் கார் நேராகப் போனது. ஒரு கணம் இரண்டும் அருகருகே ஓடின. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் திரும்பினார். பின்னால் பார்த்தார், அவர்கள் வருகிறார்களா என்று. பின்னால் காலியாக இருந்தது. பதறிப்போய் இந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

அதற்குமேல் தெரியவில்லை. தடுப்புச்சுவர் வந்து மறைத்துவிட்டது.